கிட்டார் காயிலைத் தூங்கவைத்த கதை

பூலாங்கரை சாரல் சங்கமம் இன்னிசைக் குழுவில் நாலே பேர். நாலு பேரும் தங்கமானவர்கள். யார் எதைச் சொன்னாலும் தட்டமாட்டார்கள். சொன்ன சொல் எப்படி இருக்கிறதோ அப்படியே செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அதில்தான் சிக்கலே.

குழுவின் தலைவர் பேச்சிநாதன். ஆண்குரல் பாட்டெல்லாம் அவர்தான் பாடுவார். பெண்குரலுக்கு எஸ்தர், மற்ற நாளில் ரேஷன் கடையில் அரிசி எடை போடுகிறவள். டிரம்ஸ் அடிப்பது பிச்சைக்கனி. சாமான்களை ஏற்றிப்போகும் பிக்கப் வண்டியை ஓட்டுவதும் அவன்தான். கிட்டார் வாசிப்பது இசக்கிமுத்து.

போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில், "மைக்கை விட்டுத் தள்ளி நின்னு பாடும்மா" என்று யாரோ எஸ்தரிடம் சொன்னார்கள். அவள் மேடையை விட்டு இறங்கி, பந்தலைத் தாண்டி, பந்தி நடக்கிற இடத்துக்குப் போய் நின்று முழுப் பாட்டையும் பாடிவிட்டுத் திரும்பினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாராட்டினார்கள். மேடைக்கு எதிரே இருந்தவர்கள் பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார்கள்.

அப்படிப்பட்ட குழுவைப் பார்க்க ஒரு திங்கட்கிழமை வைகுண்டமணி வந்தார். பக்கத்து ஊரான நெடுவிளையின் கோயில் கொடைவிழாக் கமிட்டித் தலைவர். பன்னிரண்டு வருஷமாக நெடுவிளைக் கொடைக்கு இவர்கள் கச்சேரிதான்.

"உங்க பாட்டை நான் குறை சொல்லலை, பேச்சிநாதன்" என்று அவர் ஆரம்பித்தார். "அந்தக் கிட்டார் இருக்கு பாருங்க. கல்யாணப் பாட்டுக்கும் அதே சத்தம், சோகப் பாட்டுக்கும் அதே சத்தம். போன வருசம் அம்மா செத்துப்போற பாட்டுக்கு எங்க மருமவன் எந்திரிச்சு ஆடிட்டான். ஊரே சிரிச்சுது."

இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"தட்டான்விளைக் குழுவுல ஒருத்தன் ஒரே கிட்டார்ல ஏழு விதமா சத்தம் எடுக்கான். கமிட்டில எல்லாரும் அவங்களைக் கூப்பிடணும்ங்காங்க. நான்தான் இந்த ஒரு வருசம் பாப்போம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை கொடை. விதவிதமா சத்தம் வந்தா நீங்க. வரலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் போனபிறகு இசக்கிமுத்து மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, "நீ என்ன செய்வே, பாவம்" என்று அதனிடம் சொன்னான். இதைப் பார்த்த எஸ்தருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பிச்சைக்கனி மூன்று பேர் சாப்பாட்டையும் வருத்தத்தோடு சாப்பிட்டான்.

பாளையங்கோட்டையில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் மைதீன் பாய் கிட்டார், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர். குளியலறையில் வழுக்கிக் காலில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்ததால் அவரால் வரமுடியவில்லை. பேச்சிநாதனிடம் போனில் சொன்னார்.

"கிட்டாரை மாத்த வேண்டாம் அண்ணாச்சி. பிக்கப்புல கொஞ்சம் வேலை செஞ்சாப் போதும். சத்தமெல்லாம் அதுலதான் இருக்கு. முதல்ல பிக்கப்பைக் கொஞ்சம் உசத்திப் பாருங்க. ஒரு பக்கம் உசத்தினாலே வித்தியாசம் தெரியும்."

நாலு பேரும் வாசலுக்கு வந்து பிக்கப் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"வண்டியிலயா சத்தம் இருக்கு?" என்று கேட்டாள் எஸ்தர்.

"இல்லாமலா? சைலன்சர் ஓட்டைன்னு நான் எத்தனை நாளாச் சொல்லுதேன்" என்றான் பிச்சைக்கனி. "ஆனா பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கே தெரியாது."

ஜாக்கி வைத்து டிரைவர் பக்கத்தை உயர்த்தினார்கள். போதாது என்று தோன்றியதால் செங்கல் அடுக்கினார்கள். இசக்கிமுத்து கிட்டாரோடு வண்டிக்குள் ஏறி, சரிந்துவிடாமல் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு கம்பியைத் தட்டினான். மூன்று பேரும் கண்ணை மூடிக் கேட்டார்கள்.

"சத்தம் கொஞ்சம் சரிஞ்ச மாதிரி இல்லை?" என்றாள் எஸ்தர்.

"சரிஞ்சுதான் இருக்கு" என்றார் பேச்சிநாதன். "டிரைவர் பக்கம் உசந்து, கிளீனர் பக்கம் தணிஞ்சு வருது."

உடனே பாய்க்குப் போன் போட்டு, "உசத்தியாச்சு பாய். ஒரு முழம்" என்றார்.

"ஒரு முழமா? எதுக்கு அவ்வளவு? இறக்குங்க. ஒரு நூல் போதும்."

வண்டியை இறக்கினார்கள். எஸ்தர் தன் தையல் டப்பாவிலிருந்து வெள்ளை நூல் ஒன்றை எடுத்துக்கொடுத்தாள். பிச்சைக்கனி வண்டியை நூல்மேல் ஏற்றி நிறுத்தினான். சத்தத்தில் மாற்றம் தெரியவில்லை. கறுப்பு நூலாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் மறுபடி போன் போட்டபோதுதான், எந்த டயருக்கு அடியில் என்ற பேச்சு வந்து, பாய்க்கு விஷயம் புரிந்தது.

பிறகு பாய் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். "கிட்டார்ல, கம்பிக்கு அடியில, சோப்புக் கட்டி அளவுல ரெண்டு கறுப்புப் பெட்டி இருக்கா? அதுக்குப் பேருதான் பிக்கப்."

இசக்கிமுத்துவுக்கு இது புதுச் செய்தி. பதினாலு வருஷமாக அதை அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

"ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ரெண்டு காயில் இருக்கு" என்று பாய் தொடர்ந்தார். "சன்னமான செம்புக் கம்பியைச் சுத்திச் சுத்தி வெச்சிருப்பாங்க. ரெண்டும் சேர்ந்து பாடுறதாலதான் எப்பவும் அந்தத் தடிச்ச சத்தம். ஒண்ணைத் தூங்க வெச்சுட்டோம்னா, மத்தது தனியாப் பாடும். மணி அடிச்ச மாதிரி சன்னமா வரும். வேணும்போது ரெண்டு, வேண்டாதபோது ஒண்ணு. அதுக்கு நாலு கம்பி இருக்கணும். உங்களுக்கு எத்தனை கம்பி இருக்கு?"

"ஆறு" என்றார் பேச்சிநாதன்.

"ஆறு வராதே. நாலுதான் இருக்கணும். நல்லா எண்ணிப் பாருங்க." அவர் கேட்டது பெட்டிக்குள்ளிருந்து வருகிற ஒயர்களை. அதைச் சொல்வதற்குள் பாயைப் பார்க்க யாரோ வந்துவிட, போன் நின்றது.

நாலு பேரும் தனித்தனியாக எண்ணினார்கள். பிச்சைக்கனிக்கு மட்டும் ஒருமுறை ஏழு வந்தது. அது அவன் சட்டை நூல். மற்றபடி ஆறுதான்.

"நாலுதான் இருக்கணும்னு சொல்லிட்டாரு" என்றார் பேச்சிநாதன். "எந்த ரெண்டை எடுக்க?"

இசக்கிமுத்துவின் முகம் வாடிவிட்டது. "அண்ணாச்சி, ஆறும் பாடுபடுற கம்பி. ஒண்ணைக்கூட சும்மா இருக்குன்னு சொல்ல முடியாது."

"நடுவுல ரெண்டை எடுத்தா?"

"பல்லு விழுந்த மாதிரி இருக்கும்" என்றாள் எஸ்தர். "ஓரத்துக்கு ஒண்ணா எடுத்திருவோம். பாக்கவும் ஒழுங்கா இருக்கும்."

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கத்தரித்தார்கள். இசக்கிமுத்து அந்த இரண்டு கம்பிகளையும் சுருட்டிச் சட்டைப் பையில், நெஞ்சுக்குப் பக்கமாக வைத்துக்கொண்டான்.

அடுத்து, ஒரு காயிலைத் தூங்கவைக்கவேண்டும். பேச்சிநாதன் வீட்டு உத்தரத்தில் அவர் மனைவியின் பழைய சேலையால் தூளி கட்டினார்கள். கிட்டாரை உள்ளே படுக்கவைத்து, எஸ்தர் ஆட்டிக்கொண்டே தாலாட்டுப் பாட ஆரம்பித்தாள். நாலு வரி போனதும் பிச்சைக்கனி பதறி அவள் கையைப் பிடித்தான்.

"எக்கா, முழுசாப் பாடிராதிய. ரெண்டும் தூங்கிரும். ஒண்ணுதான் தூங்கணும்."

"அப்போ?"

"பாதியில நிப்பாட்டுங்க."

தாலாட்டு பாதியில் நின்றது. எல்லோரும் கால்விரலால் நடந்தார்கள். பேச்சிநாதன் மனைவி அடுக்களையில் தேங்காய் உடைக்க எடுத்தபோது, வேண்டாம் என்று கைகாட்டினார்கள். அன்று அந்த வீட்டில் சட்னி கிடையாது. அரை மணி கழித்துப் பேச்சிநாதன் தூளிக்குள் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணு தூங்கிட்டு. மத்தது முழிச்சிருக்கு."

"எப்படிச் சொல்லுதிய?"

"ஒண்ணுகிட்ட பேச்சுமூச்சில்லை. இன்னொண்ணும் பேசலை, ஆனா அது வேணும்னே பேசாம இருக்கு."

மெல்லத் தூக்கி ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார்கள். "ம்ம்ம்ம்" என்று ஒரு உறுமல் வந்தது. நாலு கம்பியிலும் யாரும் கை வைக்கவில்லை. ஆனாலும் உறுமல் நிற்கவில்லை.

பிச்சைக்கனி குரலைத் தணித்து, "குறட்டை விடுது" என்றான்.

பாய்க்குப் போன் போனது. "ஒண்ணு தூங்கிட்டு பாய். ஆனா குறட்டை விடுது."

"அட, காயிலைப் பிரிச்சிட்டீங்களா?" பாய் அசந்துபோனார். "சரியாத்தான் சொல்லுதீங்க. ஒரு காயிலை நிறுத்தினா அந்த உறுமல் வரத்தான் செய்யும். எர்த்தை ஒழுங்காக் கொடுங்க, அடங்கிரும்."

"எர்த்துன்னா?"

"மண்ணு அண்ணாச்சி, மண்ணு. அப்புறம், இருக்கிற கம்பி எதுவும் ஆடாதபடி நல்லாப் பத்த வெச்சிருங்க. இனி எனக்குக் கவலை இல்லை. நானே ஞாயித்துக்கிழமை ஆட்டோ பிடிச்சு வந்து கேக்கேன்."

குறட்டைக்கு மண் மருந்து என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. எந்த மண் என்பதில்தான் விவாதம் நடந்தது.

"செம்மண்தான்" என்றான் பிச்சைக்கனி. "தண்ணி நிக்காது. சத்தமும் தங்காம வெளிய வரும்."

"கரிசலா இருந்தா சத்தம் கனமா இருக்குமே" என்றார் பேச்சிநாதன்.

"கரிசல்ல வெயிலடிச்சா வெடிப்பு விழும், அண்ணாச்சி. பாட்டு நடுவுல விழுந்தா என்ன செய்ய?"

"ஆத்து மணல்?"

"அள்ள விடமாட்டாங்க" என்றாள் எஸ்தர்.

முடிவில் பாதி செம்மண்ணும் பாதி கரிசலுமாக ஒரு பூந்தொட்டி நிறைய எடுத்தார்கள். பச்சைக் கம்பி ஒன்றின் ஒரு முனையைக் கிட்டாரின் இரும்பில் சுற்றி, மறு முனையைத் தொட்டியில் நட்டார்கள். இசக்கிமுத்து காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினான். குறட்டை கொஞ்சம் தணிந்தமாதிரி இருந்தது. அல்லது அவர்களுக்குப் பழகிவிட்டது.

பற்றவைக்கிற வேலையைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டார்கள். இசக்கிமுத்துவுக்கு அது பிடிக்கவேயில்லை.

"பத்த வைக்கத்தான் வேணுமா, அண்ணாச்சி?"

"பாய் இவ்வளவு தூரம் சொன்னதுல எது தப்பாப் போச்சு, சொல்லு" என்றார் பேச்சிநாதன்.

"தீக்குச்சியா, கர்ப்பூரமா?" என்று கேட்டான் பிச்சைக்கனி.

"கர்ப்பூரம். நல்ல காரியம்."

கறுப்புப் பெட்டியின்மேல் ஒரே ஒரு வில்லையை வைத்துப் பற்றவைத்தார்கள். முதலில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எஸ்தர்கூட தன்னையறியாமல் கை கூப்பினாள். பிறகு பெட்டி இளகி, உள்ளிருந்த மெழுகு உருகி வழிந்து, பெயின்ட் குமிழ் குமிழாகக் கிளம்பியது. இசக்கிமுத்து "என் கிட்டாரு" என்று ஒரே ஒருமுறை சொன்னான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதைக் கேட்டதும் எஸ்தர் பூந்தொட்டியைத் தூக்கி அப்படியே கவிழ்த்தாள். தீ அணைந்தது.

"மண்ணு எதுக்குன்னு இப்பத்தானே தெரியுது" என்றார் பேச்சிநாதன். "பாய் எல்லாத்தையும் முன்கூட்டி யோசிச்சிருக்காரு."

மண்ணைத் திரும்ப அள்ளித் தொட்டியில் போட்டு, கம்பியை நட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். கிட்டாரில் நாலு கம்பி. நடுவில் கருகிய பள்ளம். இசக்கிமுத்து அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். நாளையோடு பன்னிரண்டு வருஷம் முடிந்தது என்று நாலு பேருக்கும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நெடுவிளைக் கோயிலுக்கு எதிரே கச்சேரி ஆரம்பித்தது. முன்வரிசையில் வைகுண்டமணி. பக்கத்தில் மாவுக்கட்டுக் காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு மைதீன் பாய். மேடையில் இசக்கிமுத்துவின் காலடியில் பூந்தொட்டி.

முதல் பாட்டு கல்யாணப் பாட்டு. கிட்டார் வழக்கம்போலத் தடித்த சத்தத்தில் பாடியது. வைகுண்டமணி உதட்டைப் பிதுக்கினார். அதை இசக்கிமுத்து பார்த்துவிட்டான். மண் காய்ந்துவிட்டதோ என்று, வாசித்துக்கொண்டே இடுப்பை வளைத்துத் தொட்டியை எட்டிப்பார்த்தான்.

கிட்டார் மணிபோல ஒலித்தது.

கூட்டம் நிமிர்ந்தது. இசக்கிமுத்து பயந்துபோய் நிமிர்ந்தான். சத்தம் பழையபடி தடித்தது. மறுபடி குனிந்தான்; சன்னமாயிற்று. இடது பக்கம் சாய்ந்தபோது மூக்கடைத்தவர் பாடுவதுபோல் ஒன்று வந்தது. வலது முழங்காலை உயர்த்தியபோது தகரத்தில் மழை பெய்வதுபோல் இன்னொன்று. கழுத்தைத் திருப்பினால் ஒரு சத்தம், மூச்சை இழுத்துப் பிடித்தால் ஒரு சத்தம். அவன் ஆடுவதற்காக ஆடவில்லை; சத்தம் எங்கே இருக்கிறது என்று உடம்பால் தேடிக்கொண்டிருந்தான். தேடத் தேடக் கிடைத்துக்கொண்டிருந்தது.

வைகுண்டமணி விரல்விட்டு எண்ணினார். ஒன்பதுவரை வந்தது. அம்மா செத்துப்போகும் பாட்டில், ஒற்றைக் காலில் நின்று இசக்கிமுத்து எடுத்த சத்தத்துக்கு அவர் மருமகன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஊருக்கு அதில் பெரிய திருப்தி.

இடையில் தண்ணீர் குடிக்க இறங்கிய பேச்சிநாதனின் கையைப் பாய் பிடித்துக்கொண்டார்.

"உள்ள ஒரு காயிலோட ஒட்டு விட்டிருக்கு. அவர் அசையும்போது சேருது, பிரியுது, பாதி சேருது. இது வேணும்னு செஞ்சாக்கூட வராதே. எப்படிச் செஞ்சீங்க?"

"நீங்க சொன்னபடிதான், பாய். ஒண்ணுகூட விடலை."

பாய் தான் என்னென்ன சொன்னோம் என்று யோசிக்க ஆரம்பித்தார். கச்சேரி முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டின் கடைசி இழுப்பில் இசக்கிமுத்து இடது காலில் நின்று, வலது முழங்காலை மடக்கி உயர்த்தி, இடுப்பைப் பின்னால் வளைத்து, தலையைத் தோளில் சாய்த்திருந்தான். அதுவரை வந்ததிலேயே இனிமையான சத்தம் அதுதான். கைதட்டல் ஓயுமுன் வைகுண்டமணி மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"இவ்வளவு நல்லா இருக்கும்னு நான் நினைக்கலை. அடுத்த வருசமும் இவங்கதான். குழுவுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இப்போ எப்படி இருக்கோ, அப்படியே வெச்சிருக்கணும். எதையும் மாத்திரக் கூடாது."

"சரி" என்றார் பேச்சிநாதன்.

இசக்கிமுத்து அப்படியே நின்றான்.

கூட்டம் கலைந்தது. பாய் ஆட்டோவில் ஏறிப் போனார். டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் கட்டியாயிற்று. இசக்கிமுத்துவை எப்படிக் கொண்டுபோவது என்று மற்ற மூவரும் ஆலோசித்தார்கள்.

"வண்டியில ஏத்தினா ஆடும்" என்றான் பிச்சைக்கனி. "ஆடினா ஏதாவது மாறிரும்."

மேடைப் பலகை ஒன்றை அவனோடு சேர்த்துத் தூக்கினார்கள். முன்னால் பேச்சிநாதனும் பிச்சைக்கனியும், பின்னால் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரும் தோள் கொடுத்தார்கள். எஸ்தர் பூந்தொட்டியை ஏந்திக்கொண்டு, கம்பி தொய்யாமல் அதே தூரத்தில் பக்கவாட்டில் நடந்தாள். பூலாங்கரை நாலு கிலோமீட்டர். வெயில் சாய்ந்து, வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது.

நெடுவிளைக்குச் சாலை பிரியும் விலக்கில் ஒரு பூக்காரி, விற்றதுபோக மீதிக் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். தோளில் பலகை வருவதைப் பார்த்ததும் செருப்பை உதறிவிட்டு ஓரமாக ஒதுங்கினாள்.

"என்ன சாமிய்யா இது?" என்று கேட்டாள்.

"இசக்கி" என்றான் பிச்சைக்கனி.

"இசக்கியம்மனா? தாயே, ஒத்தைக் கால்ல நிக்குதியே" என்று அவள் கூடையிலிருந்து இரண்டு முழம் மல்லிகையை எடுத்துக் கிட்டாரின் கழுத்தில் சுற்றினாள். கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தவள், கொஞ்சம் தயங்கினாள்.

"அண்ணாச்சி, அம்மனுக்கு மீசை இருக்கே."

பலகை நின்றது. பேச்சிநாதன் சுமையோடு மெல்லத் திரும்பி, மீசையை நன்றாகப் பார்த்தார்.

"இருக்குதும்மா. எங்களுக்கும் தெரியுது. ஆனா எதையும் மாத்தக் கூடாதுன்னு கமிட்டில சொல்லியிருக்காங்க."

"கமிட்டில சொல்லிட்டா சரிதான்" என்று பூக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டு, மீசைக்கென்று தனியாக இன்னும் ஒரு முழம் சாத்தினாள்.